ஆற்ற காசில ஓடுது இந்தக் கார்?

இந்தியாவில் மோட்டார் விளையாட்டு பாய்ஞ்சு வளருது எண்டொரு கதை கொஞ்சக் காலமா எங்கட ஆக்களின்ர போன் எல்லாத்திலயும் ஓடிக்கொண்டிருக்கு. 2024 ஓகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபோர்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில ஓடின வீடியோவை எனக்கு எத்தினை பேர் அனுப்பினவை எண்டு கணக்கில்லை. 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி டுபாய் 24 மணிநேர ஓட்டத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தபோது யாழ்ப்பாணத்திலயும் மட்டக்களப்பிலயும் ஸ்டேட்டஸ் போடாத பொடியள் குறைவு. நேப்பியர் பாலத்தில கார் பறக்குது, தமிழன் உலகத் தரத்துக்கு வந்திட்டான், இதைக் கேள்வி கேக்கிறவனுக்கு வயித்தெரிச்சல். கதை இவ்வளவுதான்.

நான் கேள்வி கேக்கப் போறன். எனக்குக் கார் ஓட்டம் பிடிக்கும், விடிய விடிய முழிச்சிருந்தும் பாத்திருக்கிறன். என்ர கோபம் காரில இல்லை. இந்தியாவில் கடந்த பதினைந்து வருஷமாக இந்தத் தொழில் வளர்க்கப்பட்ட விதத்தில் நட்டம் வந்தால் அது சனத்துக்கு, லாபம் வந்தால் அது கம்பனிக்கு. பெயரும் படமும் அரசியல்வாதிக்கு. இதை வளர்ச்சி எண்டு எங்களுக்கு விக்கினம், நாங்களும் லைக் போட்டு வாங்குறம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு உலக அளவிலான ஓட்டம் ஒரு நாட்டுக்கு "கிடைச்சிருக்கு" எண்டு செய்தி வரும். கிடைக்கிறதில்லை, காசு குடுத்து வாங்கிறது. ஃபோர்முலா 1 ஐ எடுத்தால், ஓட்டத்தை நடத்தும் உள்ளூர் நிறுவனம் உரிமைக்காரருக்கு வருடாவருடம் கட்டணம் கட்ட வேண்டும். தொலைக்காட்சி உரிமை உரிமைக்காரருக்கு. ஓடுபாதையைச் சுற்றி நிற்கும் விளம்பரங்கள், பணக்கார விருந்தினருக்கான உபசரிப்பு ஆகியவற்றின் வருமானத்திலும் பெரும்பங்கு அவருக்கே. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சிறது பெரும்பாலும் டிக்கெட் காசு மட்டும்தான்.

இப்ப டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கிற கிரேட்டர் நொய்டாவுக்குப் போவம். 2011 ஒக்டோபர் 30 அன்று அங்குள்ள புத் சர்வதேச ஓடுபாதையில் முதலாவது இந்திய கிராண்ட் பிரீ நடந்தது. ஜேபி குழுமம் ஏறத்தாழ 400 மில்லியன் டொலர் செலவில் கட்டியதாகச் சொல்லப்படும் பாதை அது. நீளம் 5.125 கிலோமீற்றர், வடிவமைத்தவர் ஹெர்மன் டில்கே. நடத்தும் உரிமைக்கான கட்டணம் 40 மில்லியன் டொலர். அது இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பிலேயே இருக்கிற தொகை. முதலாம் வருஷம் ஓட்ட நாளில் வந்த சனம் சுமார் 95,000 பேர். நாற்பது மில்லியனைத் தொண்ணூற்றையாயிரத்தால் பிரிச்சுப் பாருங்கோ. பாதை கட்டின கடனையும் ஊழியர் சம்பளத்தையும் விடுங்கோ, உரிமைக் கட்டணத்தை மட்டும் மீட்க ஒவ்வொருத்தரும் சராசரியாக 420 டொலர் குடுத்திருக்க வேணும். அந்த வருஷம் ஆகக் குறைந்த டிக்கெட் 2,500 இந்திய ரூபாய், அதாவது அப்போதைய பெறுமதியில் ஏறத்தாழ 50 டொலர். இந்தக் கணக்குச் சரிவராது எண்டு சொல்லப் பொருளியல் பட்டம் தேவையில்லை, சந்தியில கடை வச்சிருக்கிற ஐயாவே சொல்லுவார்.

சரிவரவும் இல்லை. 2011, 2012, 2013 என மூன்றே தரம் ஓடியது. மூன்றிலும் வென்றவர் செபஸ்டியன் வெட்டல். பிறகு ஃபோர்முலா 1 அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுபாதை அடங்கிய 1,000 ஹெக்டேயர் விளையாட்டு நகரத்துக்கான நில ஒதுக்கீட்டை, நிலுவை கட்டவில்லை எண்டு சொல்லி யமுனை எக்ஸ்பிரஸ்வே அதிகாரசபை 2020 இல் ரத்துச் செய்தது. ஜேபி அசோசியேட்ஸ் 2024 இல் வங்குரோத்து நடைமுறைக்குள் போனது. அதுக்குக் காரணம் கார் ஓட்டம் மட்டுமில்லை, அந்தக் கம்பனியின் வீடமைப்பு, சீமெந்துக் கடன் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் கடன் குடுத்த வங்கிகளில் பொதுமக்களின் வைப்புப் பணம் இருந்தது. நிலத்தையும் மறக்கக் கூடாது. முதலாவது ஓட்டத்துக்கு ஐந்து மாதம் முதல், 2011 மே மாதம், அதே யமுனை எக்ஸ்பிரஸ்வே ஓரமாக பட்டா பர்சௌல் கிராமத்தில் காணி சுவீகரிப்பை எதிர்த்த விவசாயிகளுக்கும் பொலிசுக்கும் மோதல் நடந்தது. இரண்டு பக்கத்திலும் உயிர் போனது. காணி எடுக்கிறது எண்டால் என்னவெண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதில் இன்னொரு பகிடி. 2009 இல் இந்திய மத்திய விளையாட்டு அமைச்சு, ஃபோர்முலா 1 ஐ விளையாட்டு எண்டு ஏற்றுக்கொள்ள மறுத்தது. உத்தரப் பிரதேச மாநில அரசு அதை விளையாட்டு எண்டு சொல்லிக் கேளிக்கை வரியில் இருந்து விலக்குக் குடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டிக்கெட் வருமானத்தில் 25 வீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்லி 2011 இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிமைக்கார நிறுவனம் தன் பங்குக்கு, எங்களுக்கு இந்தியாவில் நிலையான இடமே இல்லை, ஆகவே வரியும் இல்லை எண்டு வாதாடியது. 2017 இல்தான் உச்ச நீதிமன்றம், இல்லை, வரி கட்டத்தான் வேண்டும் எண்டு முடிவு சொன்னது. டிக்கெட் விக்கேக்க இது வியாபாரம். வரி கேக்கேக்க இது விளையாட்டு. ஆர் நட்டத்தைப் பொறுக்கிறது எண்டு கேட்டால் இது தேசத்தின்ர மானம்.

ஒருக்கால் பட்டால் புத்தி வரும் எண்டுதானே நினைப்பம்? 2023 பெப்ரவரி 11 அன்று ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியோரம் ஃபோர்முலா ஈ, அதாவது மின்சாரக் கார்களின் உலக ஓட்டம் நடந்தது. அடுத்த வருஷ ஓட்டத்துக்கு முதல், நடுவில் நின்ற தனியார் நிறுவனம் விலகிக்கொண்டது. பிறகு ஹைதராபாத் பெருநகர அபிவிருத்தி அதிகாரசபையே நேரடியாகக் காசு கட்டியது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது, 2024 ஜனவரியில் ஓட்டம் ரத்தானது. ஏறத்தாழ 55 கோடி இந்திய ரூபாய் கொடுக்கப்பட்ட விதம் பற்றி முன்னாள் அமைச்சர் கே.டி. ராமாராவ் மீது அந்த வருடக் கடைசியில் ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிந்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார், அதைத் தீர்க்கிறது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு முக்கியம் வேற. தனியார் விலகின இடத்தில் பொதுப் பணம் போய் நின்றது, கடைசியில ஓட்டமும் இல்லை. இதில குற்றம் நடந்ததோ இல்லையோ, நட்டம் நடந்திருக்கு.

அதே 2023 செப்டெம்பரில் மோட்டோ ஜிபி புத் ஓடுபாதைக்கு வந்தது. ஏழு வருஷ ஒப்பந்தம் எண்டு கொண்டாடினவை. அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை.

இனிச் சென்னை. இங்கதான் எங்கட ஆக்களுக்கு நோகும், ஏனெண்டால் சென்னையை நாங்கள் பாதி எங்கட ஊராத்தான் பாக்கிறம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து 3.5 கிலோமீற்றர் வீதி ஓடுபாதையில் இரவு ஓட்டத்தை முதலில் 2023 டிசம்பர் 9, 10 இல் நடத்த இருந்தன. அதற்குச் சில நாளுக்கு முதல் மிக்ஜாம் புயல் வந்து நகரமே வெள்ளத்தில் கிடந்ததால் தள்ளிப் போனது. பாதைக்குக் கிட்ட ஓமந்தூரார் அரச மருத்துவமனை இருக்கு, சத்தம் நோயாளிகளைப் பாதிக்காதா எண்டும் வழக்கில் கேள்வி வந்தது. 2024 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓட்டத்தை அனுமதித்தது, ஆனால் அரசு செலவழித்த 42 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனம் திருப்பிக் கட்ட வேணும் எண்டு சொன்னது. 2025 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. விளையாட்டில் அரசும் தனியாரும் கூட்டுச் சேருவது அரசின் கொள்கை முடிவு, அதற்குள் நீதிமன்றம் போகத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் உச்ச நீதிமன்றம் அந்தச் செலவு நல்ல செலவு எண்டு சொல்லேல்லை, அதைத் தீர்மானிக்கிறது தன் வேலை இல்லை எண்டுதான் சொன்னது. அப்ப அது ஆற்ற வேலை? வரி கட்டுற, வாக்குப் போடுற சனத்தின்ர வேலை. அந்தக் கேள்வியைத்தான் "வயித்தெரிச்சல்" எண்டு சொல்லி வாயை மூடப் பாக்கினம்.

உயர்தரத்தில் பொருளியல் படிச்ச எல்லாருக்கும் அமையச் செலவு ஞாபகம் இருக்கும். ஒண்டைத் தெரிவு செய்யேக்க கைவிட்ட அடுத்த நல்ல தெரிவின்ர பெறுமதி. 42 கோடிக்கு எத்தினை பள்ளிக்கூட மைதானம் வரும் எண்ட கேள்வி பழசு, ஆனால் பதில் இன்னும் வரேல்லை. நான் அதைக்கூட விட்டிட்டு, மோட்டார் விளையாட்டுக்குள்ளேயே நின்று கேக்கிறன். அதே காசை அதே விளையாட்டில வேற எங்க போட்டிருக்கலாம்?

தமிழ்நாட்டில மோட்டார் விளையாட்டு 2024 இல பிறக்கேல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில் ஐம்பதுகளிலேயே ஓட்டங்கள் நடந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 இல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கிளப்பின் சொந்த ஓடுபாதை 1990 இல் இருந்து இருக்கு. கோயம்புத்தூரில் கரிவரதன் எண்டொருவர் உள்ளூர்ப் பட்டறைகளில், மாருதி எஞ்சினை வைத்து, இந்தியப் பொடியள் வாங்கக்கூடிய விலையில் பந்தயக் கார் கட்டினார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இந்தியாவின் முதல் ஃபோர்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் அந்தக் கோயம்புத்தூரில் இருந்து போனவர். ஓசூரில் டிவிஎஸ் 1982 இல் இருந்து தன் காசில் பந்தய அணி வைத்திருக்கு, அங்க படிச்சதைக் கடையில் விக்கிற பைக்கில் போடுது. மஹிந்திரா 2014 இல் இருந்து ஃபோர்முலா ஈ யில் ஓடுது. அதுவும் தன் விளம்பரத்துக்காகத் தன் காசில. இதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தன் காசை ஒருவர் டயரில எரிச்சால் அது அவற்ற விருப்பம்.

உண்மையான தொழில் எண்டால் அதுதான். கடைசல் பட்டறை, வெல்டிங், எஞ்சின் சரிசெய்யத் தெரிஞ்ச கை, ஓடுபாதையில் கொடி பிடிக்கப் பயின்ற ஆள். இதெல்லாம் ஓட்டம் முடிஞ்ச பிறகும் ஊரில இருக்கும். வீதியில இரண்டு நாளைக்கு வைக்கிற கொங்கிறீற் தடுப்பை மூன்றாம் நாள் லொறியில ஏத்திக்கொண்டு போயிடுவினம்.

"வேலை வரும், சுற்றுலா வரும், பெருக்கி வேலை செய்யும்" எண்டு சொல்லுவினம். நல்லது, சிங்கப்பூரைப் பாப்பம், எல்லாரும் அதைத்தானே உதாரணம் காட்டுறவை. அங்கே 2008 இல் இருந்து இரவு ஓட்டம் நடக்கிறது. செலவில் 60 வீதத்தை அரசாங்கம் ஏற்கிறது. ஆனால் முழுசா வாசியுங்கோ. ஓட்ட நாட்களில் ஹோட்டல்களுக்கு அங்கே விசேட வரி இருக்கிறது. ஓடுபாதையைப் பாத்தபடி இருக்கிற ஹோட்டல் அறை வருமானத்தில் 30 வீதமும் மற்ற ஹோட்டல்களில் 20 வீதமும் அரசாங்கம் எடுத்துவிடும். ஆருக்கு ஓட்டத்தால் காசு வருதோ அவரிட்டயே செலவை அறவிடும் முறை அது. சென்னையிலும் ஹைதராபாத்திலும் இந்தப் பாதியை மட்டும் ஒருத்தரும் காட்டினதில்லை. சிங்கப்பூரின் வெளிச்சத்தைக் கொண்டுவர விருப்பம், அதின்ர பில்லைக் கொண்டுவர விருப்பமில்லை.

இன்னொரு பதிலும் வரும். "அரசு செஸ்ஸுக்குச் செலவழிச்சது, அதைக் கேக்கேல்லை, காருக்கு மட்டும் ஏன் கேக்கிறாய்?" நல்ல கேள்வி. 2022 இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அடுத்த நாள் ஒரு அரசுப் பள்ளிப் பிள்ளை ஒரு பலகையை வாங்கி விளையாடலாம். கார் ஓட்டம் பாத்த பிள்ளை அடுத்த நாள் என்ன செய்யும்? கார்ட்டிங் தொடங்கவே காசு வேணும். டயர், எரிபொருள், மெக்கானிக், பயணம் எல்லாம் ஓட்டுநரின்ர பக்கச் செலவு. ஃபோர்முலா 4 ஆசனத்துக்கும் காசு கட்டித்தான் ஏற வேணும், அதுக்கு மேல ஐரோப்பா. நரேனுக்குப் பின்னால் டாட்டாவின் அனுசரணை நின்றது. ஒரு காலத்தில மெக்கானிக் வேலை பழகின அஜித்துக்கே ஓட்டத்துக்கு வரச் சினிமா உழைச்சுக் குடுக்க வேண்டியிருந்தது. இந்தியன் ரேசிங் லீக்கில் அணி வாங்கினவர்கள் ஆரெண்டு பாருங்கோ: சௌரவ் கங்குலி, ஜோன் ஆபிரகாம், நாக சைதன்யா. திறமை இல்லாததால ஏழைப் பிள்ளை வெளியில நிக்கேல்லை. அந்த ஏணியின்ர முதல் படியே அவன்ர வீட்டுக் கூரைக்கு மேலதான் தொடங்குது. பொதுக் காசைப் போடுறதெண்டால் அந்த முதல் படியில போடு எண்டுதான் நான் சொல்லுறன்.

கடைசியா உயிர்க் கணக்கு. 2023 ஓகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். அதே ஓடுபாதையில் அந்த வருஷம் ஜனவரியில் 59 வயது அனுபவசாலி ஒருவர் கார் பந்தயத்தில் இறந்திருந்தார். விளையாட்டில் ஆபத்து இருக்கும், தெரியும். ஆனால் சிறுவர்களை எந்த வயதில, எந்த வலு உள்ள வண்டியில, என்ன மருத்துவ ஏற்பாட்டோட ஏத்துறது எண்ட விசயத்துக்கு மினுக்கிற விளம்பரம் கிடையாது, ஆகவே காசும் கவனமும் அங்க போறது குறைவு. எங்கட நாட்டிலயும் இது தெரியாத பாடம் இல்லை. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் போனது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. தடுப்பும் தூரமும் காசுதான். அந்தக் காசு போடப்படாத இடத்தில நிண்ட சனம் உயிரைக் குடுத்தது.

இதையெல்லாம் இலங்கையில இருந்துகொண்டு ஏன் எழுதவேணும் எண்டு கேக்கலாம். மத்தளை விமான நிலையத்தையும் சூரியவெவ மைதானத்தையும் கட்டின நாடு இது. "உலகமே எங்களைப் பாக்கும்" எண்ட வசனத்துக்கு நாங்கள் எவ்வளவு கட்டினம், இன்னும் எவ்வளவு கட்டுறம் எண்டு எங்களுக்குத் தெரியும். பொருளாதாரம் கொஞ்சம் நிமிந்த உடன கொழும்பு வீதியில ஒரு உலக ஓட்டம் எண்டு ஆரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து சொன்னால், சென்னை வீடியோவைத்தான் முதலில காட்டுவினம். அப்ப கைதட்டுறதுக்கு முதல் கேக்க வேண்டியதுகளை இப்பவே பழகி வைப்பம்.

ஒப்பந்தத்தை முழுசாப் பகிரங்கப்படுத்து. உரிமைக் கட்டணம் எவ்வளவு, எந்த நாணயத்தில, ஓட்டம் நிண்டால் ஆர் கட்டுறது எண்டு சனம் வாசிக்கட்டும். தனியார் விலகினால் பொதுப் பணம் அந்த இடத்துக்குப் போகாது எண்டு எழுத்தில குடு. ஹோட்டலும் விளம்பரக்காரரும் உழைச்சால் அவையிட்ட அறவிடு. பொதுக் காசு போறதெண்டால் பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் காசில்லாத பிள்ளையின்ர முதல் கார்ட்டுக்கும் போகட்டும். இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும் லாபம் வருமெண்டு நம்புற கம்பனி இருந்தால் தாராளமா வந்து ஓடட்டும். நானும் வரிசையில நிண்டு டிக்கெட் வாங்கிப் பாப்பன்.

இதுகளை ஒத்துக்கொள்ள மாட்டம் எண்டால், அந்தக் கம்பனிக்கே தன்ர கணக்கில நம்பிக்கை இல்லை. அதுக்கு நம்பிக்கை இல்லாத ஒண்டில எங்கட வரிக் காசை ஏன் போடவேணும்?